வலது பக்கத்து பிரேக்

பாலு சிரித்திருக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் அவர் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால், ஜான்சி புகார்க் கடிதத்தை மேஜைமேல் வைத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருப்பாள். சிரித்ததோடு நிற்காமல் அவர் வாசல் பக்கம் கையை நீட்டி ஒரு வார்த்தையும் சொன்னார்.

"மீன் கூடைய ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க மேடம். இவங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த மாதிரி சைக்கிள்?"

தி.நகரில் இரண்டு மாடிக்குக் கண்ணாடி பதித்த அந்த சைக்கிள் ஷோரூமுக்கு பாலு மேனேஜர். எதிரே நின்ற ஜான்சி மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நாற்பத்திரண்டு வயது. அவளுக்குப் பக்கத்தில் உதவியாளன் உமர் ஃபாரூக், ஷோரூமின் ஏசிக்கு நேர் கீழாக இடம் பிடித்து நின்றிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிட்டும் வராமல் நின்றிருந்தவள் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அந்தோணியம்மாள். பாலு கை நீட்டியது அவளைப் பார்த்துத்தான்.

அந்தோணியம்மாளின் மகள் ஆஷா பிளஸ் டூ படிக்கிறாள். காலையில் அடையாறில் டியூஷன். பஸ்ஸில் இடிபட்டுப் போக வேண்டாமென்று வாங்கிக் கொடுத்த சைக்கிளுக்கு வயது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் டியூஷன் முடிந்து அடையாறு பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தவள், நடைப்பயிற்சி முடித்துச் சாலையைக் கடந்த ஒரு பெரியவரைப் பார்த்ததும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். வலது பக்கத்துப் பிடி முறிந்தது. பிடிமானம் போன கை முன்னால் வழுக்க, ஹேண்டில் இடது பக்கம் திரும்பி, சைக்கிளும் அவளுமாகப் பெரியவர்மேல் போய் விழுந்தார்கள். ஆஷாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. பெரியவர் வேதாந்தத்துக்கு இடுப்பு எலும்பு. எழுபத்தாறு வயதில் ஆபரேஷன்.

விபத்து நடந்து இரண்டு வாரமாகிறது. பெரியவரின் மகன் விபத்தன்று மதியமே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்குத் தாயும் மகளும் ஸ்டேஷனுக்கு வந்தாக வேண்டும். ஆஷா கடற்படையில் சேர விண்ணப்பம் போட இருந்தவள். பெயரில் ஒரு வழக்கு ஏறிவிட்டால் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

காலையில் உமர் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் புகாரைத் தன் போனில் படம் எடுத்து வந்திருந்தான். அதில் ஒரு வரியைப் படித்ததிலிருந்தே ஜான்சிக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. 'ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம்.' பதினான்கு வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக உடைந்த வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். மேலிடம் சொல்லச் சொல்ல இதே வரியை அவளும் எழுதியிருக்கிறாள். ஒரு நாள் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அந்த வரியை எங்கே பார்த்தாலும் யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கும்.

இப்போது எதிரே பாலு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜான்சி குரலை உயர்த்தவில்லை. பிரேக் பிடி முறிந்ததால் பெண் விழுந்தாளா, பெண் விழுந்ததால் பிடி முறிந்ததா என்று மட்டும் கேட்டாள். இரண்டாவதுதான் என்றார் பாலு. கீழே விழுந்தால் எந்த சைக்கிளிலும் பிடி உடையத்தான் செய்யும், உடையக்கூடிய பாகங்களுக்கு வாரண்டி கிடையாது, கார்டிலேயே போட்டிருக்கிறது என்றார்.

உமர் கார்டை வாங்கி உரக்கப் படித்தான். "உடையற பாகத்துக்கு வாரண்டி இல்லையாம் மேடம். உடையாத பாகத்துக்கு எல்லாம் இருக்கு. ரொம்ப நல்ல மனசு."

"உமர், சைக்கிளை உள்ளே கொண்டு வா" என்றாள் ஜான்சி.

வெளியே நின்ற லோடு ஆட்டோவிலிருந்து சைக்கிளை இறக்கிப் பளபளக்கும் தரைமேல் உமர் உருட்டி வந்தான். வாங்க வந்திருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜான்சி இடது கைப்பிடியைக் காட்டினாள். ரப்பர் கிழிந்து தொங்கியது. இடது பெடல் ஒரு பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. சீட்டின் இடது ஓரத்தில் தார் அப்பியிருந்தது. பிறகு சைக்கிளைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. ஷோரூமில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறைகூட வலது கைப்பிடியில் அப்படியே இருந்தது.

"விழுந்தது இடது பக்கம். உடைஞ்சது வலது பக்கம். தரையே படாத ஒண்ணைத் தரை எப்படி சார் உடைக்கும்?"

பாலுவின் சிரிப்பு நின்றது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். பர்ச்சேஸ் பார்க்கும் பார்ட்னருக்கு என்று பேச்சிலிருந்து தெரிந்தது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. எல்லா சைக்கிளும் கம்பெனியிலேயே பூட்டி, பரிசோதித்து, பெட்டியில் வருகிறது. கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேற்கொண்டு பேச வேண்டுமானால் வக்கீலோடு வரலாம்.

வாசலிலிருந்து அந்தோணியம்மாள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"எம் பொண்ணு பொய் பேசாது நைனா. பிரேக்க புடிச்சேன், கையோட வந்துட்ச்சும்மான்னு சொல்லுச்சு. கை ஒட்ஞ்சு கெடக்கச் சொல்ல எவனும் பொய் சொல்ல மாட்டான்."

பாலு அவளைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

*

வெளியே நடைபாதையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்திவிட்டு உமர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜான்சி ஹேண்டிலில் மிச்சமிருந்த அரைப் பிடியை வெயிலில் திருப்பினாள். முறிந்த மற்ற பாதி கிடைக்கவேயில்லை. விபத்து நடந்த இடத்தில் அந்தோணியம்மாள் அடுத்த நாளே போய்த் தேடியிருந்தாள். பாலத்தின் ஓரத்தில் குப்பையைக் கூடக் கிளறியிருந்தாள்.

முறிந்த இடம் ஒரு நகத்தின் அகலம்தான். அதில் ஒரு பாதி வெள்ளிபோல் மின்னியது. இன்னொரு பாதி கன்னங்கரேல் என்று இருந்தது.

முதலில் அழுக்கு என்று நினைத்தாள். விரலால் தேய்த்தாள். வரவில்லை. அது பெயிண்ட்.

அந்த இடத்திலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது; புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. பெயிண்ட் வெளியே அடிப்பது. இரும்புக்கு உள்ளே அது எப்படிப் போகும்? ஏற்கெனவே விரிசல் இருந்து, அந்த விரிசலோடு சேர்த்துப் பூசியிருந்தால்தான் போகும். பாதிக்கு விரிசல் விட்ட ஒரு பிடியைக் கறுப்புப் பெயிண்டால் மூடிப் புதிது என்று மாட்டியிருக்கிறார்கள். மிச்சப் பாதி ஆஷாவின் கையில் முறியக் காத்துக்கொண்டிருந்தது.

"உமர், இதைப் பூட்டினவங்க யாருன்னு தெரியணும்."

"தெரியும் மேடம். நேரா சிந்தாதிரிப்பேட்டை."

ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். சீட்டுக்கு அடியில் வெள்ளை மார்க்கரால் யாரோ கிறுக்கிய இரண்டு கோடுகளை உமர் காட்டினான். அவளுக்கு அது டிக் அடித்ததுபோல் இருந்தது.

"இது கிறுக்கல் இல்ல, உருது நம்பர். நாப்பத்தேழு. கம்பெனி பெட்டியில வந்துச்சுன்றாரு. எந்தக் கம்பெனி மேடம் உருதுல எண்ணுது? எங்க ஏரியாவுல அமீனாக்கா ஒருத்தங்கதான் இப்பிடி எண்ணி எண்ணி எழுதுவாங்க. மதரசாவுல கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்னு அவங்களே சொல்லுவாங்க."

அந்தோணியம்மாளை லோடு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரைப் பிடியை மட்டும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஜான்சி உமரின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

*

கூவத்தை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே வரிசையாகச் சக்கரமில்லாத சைக்கிள்கள். அமீனா பீக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்பேனரைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. எட்டு வருஷமாக இங்கே சைக்கிள் பூட்டுகிறாள். உமரைப் பார்த்ததும், கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தாயா என்று கேட்டாள். பெண் பார்க்கும் வேலையையும் சேர்த்துத்தான் மேடம் துப்பறிந்துகொண்டிருக்கிறார் என்றான் உமர்.

ஜான்சி அரைப் பிடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அமீனா பீயின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் கிடந்த அரத்தின் முனையால், பிடி ஹேண்டிலில் பொருந்தும் இடத்தைச் சுரண்டினாள். பெயிண்ட் உதிர்ந்தது. அடியில் சின்னதாக ஒரு வெட்டு தெரிந்தது.

"இது நான் போட்ட வெட்டு" என்றாள்.

பிறகு அவள் சொன்னது இது. இரண்டு மாதத்துக்கு முன்னால் தி.நகர் ஷோரூமிலிருந்து ஒரு மூட்டை வலது பிரேக் பிடி வந்தது. பூட்டிப் பார்க்கும்போதே நாலைந்து முறிந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முக்கால்வாசியில் முடிபோல விரிசல். இதை மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டாள். யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டாள். முதல் முப்பது சைக்கிளுக்குப் பழைய நல்ல பிடி இருந்தது. முப்பத்தொன்றிலிருந்து எழுபதுவரை வலது பிரேக் பிடி இல்லாமலே அனுப்பச் சொன்னார்கள். வேறு பிடி வருகிறது, கோடவுனில் மாட்டிக்கொள்கிறோம் என்றார்கள். பழுதான மூட்டை வார்ப்படக் கம்பெனிக்கே திரும்பிப் போகிறது என்றும் சொன்னார்கள்.

"மூட்டைய யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"புதுசா ஒரு சார் வந்துகீறாரு, பார்ட்னருன்றாங்க. அவுரே கார்ல வந்து எடுத்துக்கினு போனாரு. நான் வுடல. பின்னாடி எம் மேல பழி வரும், கையெழுத்து போட்டுட்டு எடுத்துட்டுப் போங்கன்னேன். மொறைச்சாரு. போட்டாரு."

சுவரில் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைத் தள்ளித் தள்ளி ஒன்றை உருவினாள். 'பழுது பிரேக் பிடி, ஒரு மூட்டை, பெற்றுக்கொண்டேன்.' கீழே நீளமாக வால் இழுத்த ஒரு கையெழுத்து.

உமர் அதை எட்டிப் பார்த்தான். பேசாமல் தன் போனை எடுத்தான். எதையும் பேசாமல் செய்யும் வழக்கம் அவனுக்குக் கிடையாது என்பதால் ஜான்சி அவனையே பார்த்தாள். காலையில் ஸ்டேஷனில் எடுத்த படத்தைத் திறந்து, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அதே வால். அதே கையெழுத்து. வே. பாரத்.

வேதாந்தத்தின் மகன்.

ஜான்சி இரண்டு கையெழுத்தையும் மறுபடி பார்த்தாள். இத்தனை நேரம் பாரத்தை, அப்பா அடிபட்ட வேதனையில் ஆத்திரப்பட்டு எழுதிக் கொடுத்த ஒரு மகன் என்று நினைத்து, அவனுக்காக மனசில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த சைக்கிளைப் பார்த்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்த வரியை எழுதியிருக்கிறான்.

"முப்பத்தொண்ணுலேர்ந்து எழுபது" என்றான் உமர். "நாப்பது சைக்கிள் மேடம். ஒண்ணு நம்ம கிட்ட இருக்கு. மிச்சம் முப்பத்தொம்போது இப்ப ரோட்டுல ஓடிக்கினு கீது."

*

வேதாந்தத்தின் வீடு மந்தைவெளியில் மூன்றாவது மாடி. அந்தோணியம்மாளையும் வரச் சொல்லியிருந்தாள் ஜான்சி. லிஃப்ட் இருந்தும் அவள் படியேறியே வந்திருந்தாள். கதவைத் திறந்த பாரத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சமரசம் பேச வந்திருப்பதாக நினைத்து, எதுவாக இருந்தாலும் நான்கு மணிக்கு ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உள் அறையிலிருந்து, யாரென்று பார், வந்தவாளை வாசலில் நிறுத்தாதே என்று ஒரு குரல் வந்தது. ஜான்சி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேதாந்தம் இடுப்புக்குத் தலையணைகள் முட்டுக் கொடுத்துப் படுத்திருந்தார். அந்தோணியம்மாளைப் பார்த்ததும், குழந்தைக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்து வரவில்லை.

அடிபட்டவரின் படுக்கையருகில் கத்தக் கூடாதென்று படிக்கட்டிலேயே முடிவு செய்திருந்தாள் ஜான்சி. அரைப் பிடியையும் சீட்டையும் போர்வைமேல் வைத்து, அமீனா பீ சொன்னதை ஒன்றுவிடாமல், மெதுவாகச் சொன்னாள்.

பாரத் முதலில் மறுத்தார். பிறகு கையெழுத்தை ஒப்புக்கொண்டு மூட்டை திருப்பி அனுப்பப்பட்டது என்றார். பிறகு, ஆர்டர் போய்விடும் நிலைமை, பெயிண்ட் அடித்தது கோடவுன் ஆட்கள் செய்த வேலை என்றார். ஒவ்வொன்றாக நழுவ நழுவ, கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"இது எங்க பிடிதான்னு என்ன நிச்சயம்? பாதிதானே இருக்கு. மீதி எங்க? அது இல்லாம கோர்ட்ல ஒண்ணும் நிக்காது."

அது உண்மை. ஜான்சிக்கு அது தெரியும். பாரத்துக்கும் அது தெரிந்தது. அவர் முகத்தில் லேசாகத் தெம்பு வந்தது.

"பாரத்" என்றார் வேதாந்தம். "நான் ரோட்ல கெடந்தப்போ நீ வந்தியே, மொதல்ல என்ன பண்ணினே?"

"ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேம்பா."

"இல்லை. மொதல்ல குனிஞ்சு எதையோ எடுத்தே. என் மூக்குக் கண்ணாடியைத்தான் எடுக்கறேன்னு நெனைச்சேன். கண்ணாடி என் கையிலேயே இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில, என் பக்கத்துல உக்காந்துண்டு, கறுப்பா ஒண்ணை ராத்திரி பூரா விரல்ல உருட்டிண்டே இருந்தே. மருந்து மயக்கத்துல இருந்தேன், கண்ணு தெரியாமப் போகலை. என்ன அது?"

பாரத் சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய அறை மேஜையின் இரண்டாவது இழுப்பறை என்று அவரே சொன்னார். ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. உமர் போய் எடுத்து வந்தான். இரண்டு பாதியையும் போர்வைமேல் சேர்த்து வைத்தான். மின்னும் பாதி மின்னும் பாதியோடும், கறுத்த பாதி கறுத்த பாதியோடும் கச்சிதமாகப் பொருந்தின.

வேதாந்தம் பொருந்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு பேப்பர் எடுத்து எழுதிக்கோங்கோ. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் ஜான்சியிடம். "என்னை இடிச்சது அந்தக் கொழந்தை இல்லை. என் பிள்ளை."

அந்தோணியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் பாரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டுவாள் என்று ஜான்சி எதிர்பார்த்தாள். அவள் கேட்டது வேறு.

"மிச்ச சைக்கிளு வச்சிக்கினு கீற புள்ளைங்கள யாருய்யா பாக்கறது?"

பாரத்தின் போனிலிருந்தே பாலுவுக்குச் செய்தி போனது. கேள்வி கேட்காமல் பாலு பட்டியலை அனுப்பினார். முப்பத்தொன்பது பெயர், முப்பத்தொன்பது நம்பர். மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர். வேதாந்தம் கையெழுத்துப் போட்ட தாளையும் இரண்டு பாதிகளையும் எடுத்துக்கொண்டு உமர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். ஆஷாவின் மேலிருந்த புகார் அன்று மாலையே திரும்பப் பெறப்பட்டது. பாரத்தின் மேல் புதிதாக ஒன்று எழுதப்பட்டது.

ஜான்சி பட்டியலின் முதல் நம்பரை அழுத்தப் போனபோது பெரியவர் போனுக்காகக் கை நீட்டினார். அவளுக்கு உடனே கொடுக்க மனம் வரவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை. இந்த வீட்டில் எதையும் யாரிடமும் ஒப்படைக்க அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி, போனைக் காதில் வைத்துக் காத்திருந்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது.

"நமஸ்காரம்மா. உங்காத்துல புதுசா சைக்கிள் வாங்கினேளே, அதைக் கொழந்தைகள் யாரும் தொட வேண்டாம். வலது பக்கத்து பிரேக் முறிஞ்சுடும். ஆள் வந்து எடுத்துண்டு போவா." மறுமுனை எதையோ கேட்டது. அவர் மகன் இருந்த பக்கம் திரும்பாமல் பதில் சொன்னார். "நானா? என் பேரு வேதாந்தம். அந்த பிரேக்கை வித்தவனோட அப்பா."

பிறகு அடுத்த நம்பரை அழுத்தினார்.